எத்தனை கோபுரம் நடந்தீர்கள்? ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஓர் இளவேனில் வழிகாட்டி

ஒக்டோபரிலோ நவம்பரிலோ வந்து இறங்கியவர்களுக்கு ரொறன்ரோ என்றால் ஒரு பேஸ்மென்ட் அறை, ஒரு பஸ் தரிப்பிடம், வேலைத்தலம், தமிழ்க்கடை. அவ்வளவுதான். டிசம்பரில் பின்னேரம் நாலே முக்காலுக்குள் சூரியன் போய்விடும். ஊரில் சந்தைக்கு, கோயிலுக்கு, பக்கத்து வீட்டுக்கு என்று நடந்த நடையை யாரும் உடற்பயிற்சி என்று சொன்னதில்லை. அந்த நடை முழுவதும் இங்கே ஒரே குளிர்காலத்தில் நின்றுபோகிறது. மார்ச்சில் பார்த்தால் காற்சட்டை இடுப்பில் இறுகுகிறது, மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறது, மனமும் பாரமாக இருக்கிறது. இது உங்களுக்கு மட்டும் வந்த குறை இல்லை. இங்கே இருபது வருடம் இருந்தவர்களுக்கும் மார்ச் அப்படித்தான் வருகிறது.

எனக்கு இது பதினேழாவது இளவேனில். ஒவ்வோர் ஆண்டும் நான் திரும்பவும் முதலில் இருந்துதான் தொடங்குகிறேன். ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன், அதனால் நான் சொல்லும் இடங்களில் பாதி ஸ்காபரோ இடங்கள். இதை வாசிக்கிறவர்களில் பலர் அங்கேதான் இருப்பீர்கள் என்றும் நினைக்கிறேன்.

மணிக்கூடு மாறும் ஞாயிறு

மார்ச் மாதத்து இரண்டாவது ஞாயிறு அதிகாலையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள். சனிக்கிழமை பின்னேரம் ஆறே கால் அளவில் மறைந்த சூரியன், ஞாயிற்றுக்கிழமை ஏழே கால் அளவில் மறையும். ஜூன் கடைசியில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். நீங்கள் தொடங்க வேண்டிய நாள் இந்த ஞாயிறுதான். அன்று குளிர் இருக்கும், ஸ்னோவும் கொட்டலாம். ஏப்ரலிலும் கொட்டும். ஆனால் வேலையால் வந்து, முகம் கழுவி, ஒரு தேத்தண்ணி குடித்த பிறகும் வெளியே வெளிச்சம் இருக்கிறது என்பது பெரிய விஷயம். வெயில் வரட்டும், நல்ல நாள் வரட்டும் என்று காத்திருக்கிறவர்கள் மே நடுப்பகுதியில்தான் வெளியே வருகிறார்கள். அதற்குள் பத்துக் கிழமை போய்விடும்.

முதல் இரண்டு கிழமைக்கு இவ்வளவு போதும்: இரவுச் சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிடம் வீட்டைச் சுற்றி நடை. ஐந்து நிமிடம் ஒரு பக்கம் போங்கள், திரும்பி வாருங்கள். சாப்பிட்ட பிறகு நடந்தால் இரத்தத்தில் சீனி ஏறுவது குறையும், ஆகவே இந்தப் பத்து நிமிடம் வீண்போகாது. வெளியே போக முடியாத அளவுக்கு ஐஸ் என்றால் மோலுக்குள் நடக்கலாம். கடைகள் திறக்கும் முன்னரே நடக்கிறவர்களுக்காகக் கதவைத் திறந்துவிடும் மோல்கள் உண்டு. காலையில் போய்ப் பார்த்தால் எங்கள் ஐயாமார், அம்மாமார் சோடி சோடியாக நடப்பதைக் காண்பீர்கள். அவர்களோடு கதைத்துக்கொண்டு நடந்தால் அரை மணித்தியாலம் போவதே தெரியாது.

மூன்றாவது கிழமையில் பதினைந்து நிமிடம், ஐந்தாவதில் இருபது, மே பிறக்கும்போது முப்பது. இப்படிக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் முதல் ஏப்ரலில் ஒரு ஞாயிறு திடீரென்று 18 பாகை வெயில் அடித்தது. ஐந்து மாதம் அடைந்து கிடந்த சந்தோஷத்தில், தேய்ந்த சப்பாத்தோடு ஏரிக்கரையில் மூன்று மணித்தியாலம் நடந்தேன். அடுத்த நாள் காலை கட்டிலால் இறங்கிக் காலை ஊன்றிய உடனே குதிக்காலில் ஆணி அடித்த மாதிரி வலி. ஆறு கிழமை ஒழுங்காக நடக்க முடியவில்லை. அந்த வருடத்து இளவேனில் முழுவதும் அதிலேயே போனது. நின்று செய்யும் வேலை பார்க்கிறவர்களுக்கு அப்படி ஒரு வலி வந்தால் சம்பளத்திலும் அடி விழும்.

காலுக்கும் மேலுக்கும்

வின்ரர் பூட்ஸ் நடைக்கு உதவாது. பாரம் கூட, பாதம் மடங்காது. ஒரு சோடி ஓட்டச் சப்பாத்துக்குக் காசு ஒதுக்குங்கள். மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பிடிக்கலாம், இதில் வேண்டாம். பின்னேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போய்ப் போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். நீரிழிவு இருக்கிறவர்கள் வாங்கிய சப்பாத்தை வீட்டுக்குள் சில நாள் போட்டு நடந்து, இரவில் பாதத்தை வெளிச்சத்தில் பார்த்து, எங்காவது சிவந்திருக்கிறதா, உரசியிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

உடுப்பில் ஒரு பிழை எல்லோரும் விடுகிறோம்: கூடப் போட்டுக்கொண்டு போகிறோம். பத்து நிமிடத்தில் வேர்க்கும், ஜாக்கெட்டைத் திறப்போம், வேர்வையில் காற்றுப் பட்டுக் குளிர் பிடிக்கும். வாசலில் நிற்கும்போது கொஞ்சம் குளிர்ந்தால் அளவு சரி. உள்ளே மெல்லியதாக, வேர்வையை உறிஞ்சி உலரக்கூடிய ஒன்று. அதற்கு மேல் ஒரு கம்பளி அல்லது பிளீஸ். எல்லாவற்றுக்கும் மேல் காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். சேலையோ சுடிதாரோ உடுக்கிற அம்மாமார் உள்ளே ஒரு நீளக் காற்சட்டை போட்டால் போதும், முழு உடுப்பையும் மாற்ற வேண்டியதில்லை. தொப்பியும் கையுறையும் ஏப்ரல் முழுவதும் பையில் கிடக்கட்டும்.

காலை நடைக்காரருக்கு ஒரு எச்சரிக்கை. பகலில் உருகிய ஸ்னோ இரவில் உறைந்து, விடிய ரோட்டில் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். கறுப்பாக ஈரம் போலத்தான் தெரியும். அப்படியான நாளில் பத்து மணிக்குப் பிறகு போங்கள், அல்லது பின்னேரம் போங்கள்.

எவ்வளவு போதும்?

கனடாவில் 2020இல் வெளியான 24 மணித்தியால அசைவு வழிகாட்டி, வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 நிமிடம் என்று சொல்கிறது. மூச்சு கொஞ்சம் வாங்கும் அளவுக்கான நடை. கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம்தான் கணக்கு. துண்டு துண்டாகச் சேர்த்தாலும் சரி. அதோடு கிழமைக்கு இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும். ஜிம் தேவையில்லை: கதிரையில் இருந்து கை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருப்பது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, 8 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி இறக்குவது, இவை எல்லாம் தசைக்கு வேலைதான். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் சமநிலைப் பயிற்சியையும் சேர்க்க வேண்டும். சமையலறை மேசையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதில் தொடங்கலாம். அதே வழிகாட்டி 7 தொடக்கம் 9 மணித்தியால நித்திரையையும் கேட்கிறது. இரண்டு வேலை பார்க்கிறவர்களுக்கு அது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். நித்திரையை வெட்டி நடக்கச் சொல்லமாட்டேன்.

எங்கள் ஆட்களுக்கு இது ஏன் அவசரம் என்றால், தெற்காசியருக்கு நீரிழிவும் இருதய நோயும் மற்றவர்களைவிட இளவயதில், உடல் பெரிதாகப் பருக்கும் முன்னரே வருகின்றன. கண்ணாடியில் மெலிவாகத் தெரிகிறவருக்கும் வரும். ஆகவே தராசைப் பார்ப்பதைவிட ஒரு தையல் நாடாவை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து பாருங்கள். தெற்காசியருக்கு ஆண் என்றால் 90 சென்ரிமீற்றர், பெண் என்றால் 80. அதற்கு மேலே என்றால் டொக்டரிடம் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். இருதய வருத்தமோ கட்டுப்படாத பிறெஷரோ இருக்கிறவர்கள் நடையைக் கூட்டும் முன் டொக்டரைக் கேட்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் பொக்கற்றில் நாலு இனிப்பு வைத்துக்கொண்டுதான் வெளிக்கிட வேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுகினால், தாடைக்கோ கைக்கோ வலி பரவினால் உடனே அவசர உதவிக்கு 911 அடியுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று நினைக்கவே வேண்டாம்.

குடும்ப டொக்டர் இன்னும் கிடைக்கவில்லையா? 811க்கு அடித்தால் இரவு பகல் எந்நேரமும் ஒரு தாதியோடு இலவசமாகக் கதைக்கலாம்.

எங்கே நடப்பது?

இந்த நகரத்தின் நல்ல பாதைகள் ரோட்டில் இருந்து தெரியாது. 1954 ஒக்டோபரில் ஹேஸல் புயல் அடித்து ஆறுகள் பெருகியபோது ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரைத் தெரு ஒன்றில் நித்திரையில் இருந்தவர்களை வீடுகளோடு வெள்ளம் கொண்டுபோனது. அதன் பிறகு ஆற்றுப் பள்ளங்களில் வீடு கட்டுவதைத் தடுத்து, நிலங்களை வாங்கி, பூங்காவாக விட்டார்கள். இன்றைக்கு நீங்கள் லோரன்ஸிலோ எல்ஸ்மியரிலோ பஸ்ஸில் போகும்போது ஒரு பாலம் வரும், இரண்டு பக்கமும் மரமாக இருக்கும். அதற்குக் கீழே ஓர் ஓடையும் நடைபாதையும் இருக்கிறது. மோர்னிங்சைட் பூங்கா அப்படி ஒன்று, ஹைலண்ட் கிறீக் ஓடை அதற்குள்தான் ஓடுகிறது. காற்று அடிக்காது, வாகனச் சத்தம் கேட்காது. ஏப்ரல் கடைசியில் மரங்களில் இலை வரும் முன்னரே நிலத்தில் மூன்று இதழ் வெள்ளைப் பூக்கள் விரியும். டிரில்லியம், ஒன்ராறியோவின் பூ. பிடுங்க வேண்டாம், ஒரு செடி பூக்க ஏழெட்டு வருடம் எடுக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது கற்றினோ மின்கம்பிப் பாதையை. ஸ்காபரோவுக்குக் குறுக்கே உயர் அழுத்த மின்கோபுரங்கள் வரிசையாகப் போகின்றன இல்லையா, அவற்றின் கீழே தார் போட்ட தட்டையான பாதை இருக்கிறது. டொன் பள்ளத்தாக்கில் இருந்து ரூஜ் பூங்கா வரைக்கும் 16 கிலோமீற்றரை ஒரே தொடராக்கி, வெட்டுப்புல்லாகக் கிடந்த நிலத்தைப் பூப் புல்வெளியாக மாற்றுகிறார்கள். மெடோவே என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அம்மா சுப்பர் விசாவில் (பெற்றோர் வந்து நீண்ட காலம் தங்கும் விசா) வந்த முதல் மார்ச்சில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போனேன். கிலோமீற்றர் கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை. கோபுரத்தை எண்ணத் தொடங்கினார். முதல் நாள் இரண்டு கோபுரம். அதற்கே நின்று, கையை இடுப்பில் வைத்து, மூச்சு விட்டார். பக்கத்துக் கோரைப்புல்லில் ஒரு கறுப்புக் குருவி, தோளில் சிவப்பு அடையாளத்தோடு, துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரிக் கத்தியது. “இதுவும் இப்பத்தான் வந்ததோ?” என்று கேட்டார். உண்மைதான், குளிருக்குத் தெற்கே போய் மார்ச்சில் திரும்பி வரும் குருவி அது. அடுத்த நாள் அந்தக் குருவியைப் பார்க்கவென்றே மூன்றாவது கோபுரம் வரை வந்தார். அதற்குப் பிறகு வீட்டில் யாராவது தொலைபேசியில் சுகம் விசாரித்தால், “இண்டைக்கு அஞ்சு கோபுரம்” என்றுதான் சொல்வார். உங்களுக்கும் இப்படி ஓர் அளவு வேண்டும். கோபுரமோ, பஸ் தரிப்பிடமோ, மேப்பிள் மரமோ, கண்ணுக்குத் தெரிகிற ஒன்று. கைத்தொலைபேசியில் 10,000 காலடி காட்டாவிட்டால் நடை தோற்றுவிட்டது என்று நினைக்கிறவர்கள்தான் கெதியாக விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பாதை பெரிய ரோடுகளைக் கடக்கிற இடங்களில் மட்டும் கவனம். வலப்பக்கம் திரும்புகிற கார்க்காரர் இடப்பக்கம் பார்த்துக்கொண்டே திரும்புவார். அவருடைய கண்ணைப் பார்த்த பிறகு காலை வையுங்கள். பொழுதுபடும் நேரத்தில் வெளிர் நிற உடுப்பு நல்லது.

கால் பழகியதும் ஏரிக்குப் போங்கள். ரூஜ் ஹில் கோ ரெயில் நிலையத்தில் இறங்கினால் தண்ணீர் கண் முன்னாலேயே இருக்கிறது. கரையோரத் தட்டைப் பாதையில் கிழக்கே நடந்தால் ரூஜ் ஆறு ஏரியில் விழும் கடற்கரை வரும். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போகும். ஏரிக்கரையில் நகரத்துக்குள் இருப்பதைவிடச் சில பாகை குளிர் கூட, அதனால் ஒரு கம்பளி கூடுதலாக எடுங்கள்.

ஸ்காபரோ பிளஃப்ஸ் எல்லோரும் படம் எடுக்கிற இடம். வெள்ளை மண் மலைகள் சில இடங்களில் 90 மீற்றர் உயரம். கீழே கரையில் இருந்து பாருங்கள். மேலே வேலியைத் தாண்டி விளிம்புக்குப் போகவே வேண்டாம். அது கல் இல்லை, மணலும் களியும். இளவேனிலில் தண்ணீர் ஊறி, நிற்கிற இடமே கழன்று போகும். படம் எடுக்கப் போய் மாட்டிக்கொண்டவர்களைத் தீயணைப்புப் படை கயிறு கட்டி இறக்குவது அங்கே புதிதல்ல. ஓடைக் கரைகளும் இதே காலத்தில் வழுக்கும், தண்ணீர் உருகிய ஸ்னோ, விழுந்தால் கை கால் விறைத்துவிடும். பிள்ளைகளின் கையை விட வேண்டாம்.

ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் ஒரு நாள் ஹை பார்க். 1959இல் தோக்கியோ மக்கள் கொடுத்த செர்ரி மரங்கள் அங்கே பூக்கும். ஒரு கிழமை நிற்கும், காற்று மழை வந்தால் அதுவும் இல்லை. கெனடியில் சப்வே ஏறினால் மாறாமல் ஹை பார்க் நிலையத்தில் இறங்கலாம். கார் கொண்டுபோக வேண்டாம், பூக்கும் நாட்களில் உள்ளே வாகனம் விடமாட்டார்கள். 161 ஹெக்டேயர் பூங்கா அது. பூப் பார்க்கிற சாட்டில் மேடும் பள்ளமுமாக நாலைந்து கிலோமீற்றர் நடந்திருப்பீர்கள். அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்கு ஸ்காபரோவில் எல்ஸ்மியருக்குப் பக்கத்தில் பேர்க்டேல் பள்ளத்தாக்கிலும் சில செர்ரி மரங்கள் உண்டு.

வயதானவர்களோடு போனால் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: பூங்காக் கழிப்பறைகள் பல குளிர்காலம் முழுவதும் பூட்டியிருக்கும், தண்ணீர்க் குழாய்களும் அப்படித்தான். மே வரைக்கும் நூலகம் அல்லது சமூக நிலையம் பக்கத்தில் இருக்கிற பாதையாகப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்.

நேரமே இல்லை என்கிறவர்களுக்கு

பஸ்ஸில் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் உங்களிடம் நடை ஏற்கனவே ஒளிந்திருக்கிறது. பிரெஸ்ரோ அட்டையைத் தட்டினால் ரி.ரி.சி. என்கிற நகர பஸ், சப்வே சேவையில் இரண்டு மணித்தியாலத்துக்கு அதே காசு. நடுவில் இறங்கலாம், ஏறலாம், திரும்பியும் வரலாம். வேலை முடிந்து வரும்போது நாலு தரிப்பிடம் முன்னால் இறங்கி நடவுங்கள். களைத்துவிட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறுங்கள், புதுக் காசு வெட்டாது. இரவு வேலை பார்க்கிறவர்கள் வேலை முடிந்து வந்து படுக்கும் முன் நீள நடை போக வேண்டாம், காலை வெளிச்சம் நித்திரையைக் கலைக்கும். எழும்பிய பிறகு, பின்னேர வெளிச்சத்தில் போங்கள்.

உண்ணி

இதைப் பயமுறுத்த எழுதவில்லை. ஊரில் ஆடு மாட்டில் பார்த்த உண்ணிதான். ஆனால் இங்கே கருங்கால் உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம், கவனிக்காமல் விட்டால் மூட்டையும் நரம்பையும் இருதயத்தையும் பாதிக்கும். ரூஜ் பக்கம் உண்ணி உள்ள இடம். வெப்பம் 4 பாகையைத் தாண்டினாலே அது வேலையைத் தொடங்கிவிடும்.

ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுக்குப் போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கனடாவின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்கா, உள்ளே போகக் காசு இல்லை, மாஸ்ற் பாதை மாதிரி ஓர் அமைதி நகரத்துக்குள் வேறு எங்கும் இல்லை. பாதையின் நடுவால் நடவுங்கள், புல்லுக்குள் இறங்க வேண்டாம். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். வெளிர் நிற உடுப்பில் உண்ணி தெரியும். வீட்டுக்கு வந்ததும் குளித்து, முழங்காலுக்குப் பின்னால், கவட்டில், அக்குளில், தலைமயிருக்குள் தடவிப் பாருங்கள். ஒரு மே மாதம் என் மகளின் முழங்கால் மடிப்பில் ஓர் எள்ளு ஒட்டியிருந்தது. தட்டினேன், விழவில்லை. உற்றுப் பார்த்தால் எள்ளுக்குக் கால் இருந்தது.

கூர் நுனிச் சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து, நேரே மேல்நோக்கி மெல்ல இழுக்க வேண்டும். திருகக்கூடாது, நெருப்பு, எண்ணெய், வசிலீன் ஒன்றும் வைக்கக்கூடாது. பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவி, திகதியை எழுதி வையுங்கள். ஒன்ராறியோவில் 2023 ஜனவரியில் இருந்து மருந்துக்கடை பார்மசிஸ்ற்றே உண்ணிக் கடிக்குத் தடுப்பு மருந்து எழுதித் தரலாம். உண்ணி எடுத்த பிறகு 72 மணித்தியாலத்துக்குள் போக வேண்டும், ஆகவே நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ள வேண்டாம். அடுத்த சில கிழமைகளில் காய்ச்சலோ, வட்டமாகப் பரவும் தடிப்போ வந்தால் டொக்டர்.

நீச்சலும் நகரசபை வகுப்புகளும்

முழங்கால் வலிக்கிறவர்களுக்கு நடையைவிடத் தண்ணீர் நல்லது. மோர்னிங்சைட் வீதியில் இருக்கிற பான் ஆம் நிலையம், 2015 போட்டிகளுக்காகக் கட்டியது, இரண்டு 50 மீற்றர் தடாகங்கள் உண்டு. அது தவிர ஸ்காபரோ முழுவதும் நகரசபைத் தடாகங்கள் இருக்கின்றன. வகுப்பில் சேராமல் நேரே போய் நீந்தும் நேரங்கள் உண்டு, சில இடங்களில் பெண்களுக்கு மட்டுமான நேரமும் உண்டு. உடலை மூடிய நீச்சலுடைக்குத் தடையில்லை. முதலில் குளித்துவிட்டு இறங்க வேண்டும், லொக்கருக்கு ஒரு பூட்டு உங்களோடு கொண்டுபோக வேண்டும்.

பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு வேண்டும் என்றால் ஒரு விஷயம் சொல்லித்தான் ஆக வேண்டும். பதிவு ஒரு குறிப்பிட்ட நாள் காலை ஏழு மணிக்குத் திறக்கும், ஸ்காபரோ வகுப்புகள் நிமிடங்களில் நிரம்பிவிடும். அன்று காலை கணக்குத் தொடங்க நின்றால் இடம் போய்விடும். முன்கூட்டியே நகரசபையின் 311க்கு அடித்து, தமிழில் உதவி வேண்டும் என்று சொல்லி, குடும்பத்துக்குக் கணக்குத் திறந்து, வேண்டிய வகுப்பின் எண்ணை எழுதி வையுங்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு நகரசபையின் வெல்கம் பொலிசி என்ற உதவி இருக்கிறது. அதற்கு விண்ணப்பித்து அனுமதி வரச் சில கிழமைகள் எடுக்கலாம், ஆகவே அதையும் முதலே செய்யுங்கள். எல்லா வகுப்பும் எல்லோருக்கும் இலவசமான சமூக நிலையங்களும் உண்டு. கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, அது உங்களுக்காக வைத்த காசு.

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடிப் பழகியவர்கள் இங்கே வந்து ஏன் விடுகிறார்கள் என்று எனக்குக் கவலை. பெரிய ரோடுகள் பயம்தான், சரி. கற்றினோ பாதையில் ஓடுங்கள். 14 வயதும் அதற்கு மேலும் என்றால் ரோட்டோர நடைபாதையில் சைக்கிள் ஓடக்கூடாது, மணி இருக்க வேண்டும், இருட்டில் முன்னுக்கு வெள்ளை விளக்கும் பின்னுக்குச் சிவப்பும் வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தலைக்கவசம் சட்டம். மற்றவர்களும் போடுங்கள்.

தட்டும் தோட்டமும்

சாப்பாட்டில் ஒரே ஒரு மாற்றம் சொல்கிறேன். சோறும் கறியும் விடத் தேவையில்லை. முதலில் மரக்கறியால் தட்டின் பாதியை நிரப்புங்கள்: வல்லாரைச் சம்பல், முருங்கையிலை வறை, பீன்ஸ் கறி, கரட். அடுத்த காலில் பருப்போ மீனோ முட்டையோ. மிச்சக் காலில் சோறு அல்லது புட்டு. நாம் எப்போதும் சோற்றைத்தான் முதலில் போடுகிறோம், பிறகு மற்றவற்றுக்கு ஓரத்தில் இடம் தேடுகிறோம். 2019இல் வந்த கனடா உணவு வழிகாட்டியும் இதே பாதி, கால், கால் கணக்கைத்தான் சொல்கிறது. வேலைத்தலத்தில் ரோல்ஸும் பற்றிஸும் சீனி போட்ட தேத்தண்ணியும் நாளுக்கு எத்தனை என்று ஒரு கிழமை எழுதிப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் இங்கே நம்பிக் குடிக்கலாம்.

தோட்டம் எங்கள் ஆட்களுக்கு எந்த ஜிம்மையும்விடப் பொருந்தும். குந்தி எழும்புவது, கொத்துவது, வாளி தூக்குவது, எல்லாமே அதில் இருக்கிறது. மார்ச்சில் மிளகாயும் கத்தரியும் யன்னல் ஓரத்தில் விதைத்துவிட வேண்டும். தக்காளி ஏப்ரல் தொடக்கத்தில். பாகல், புடோல் விதைகளை ஏப்ரல் கடைசியில் ஊறப்போட்டால் போதும், முந்தினால் கொடி வீட்டுக்குள் நீண்டு மெலியும். கன்றுகளை வெளியே நடுவது விக்ரோறியா தின நீள வார இறுதிக்குப் பிறகுதான், அது மே 25க்கு முந்திய திங்கள். அதற்கு முன் ஒரு வெயில் நாளைப் பார்த்து ஏமாந்து நட்டால் ஒரே இரவு உறைபனியில் எல்லாம் கருகிவிடும். நடுவதற்கு முன் ஒரு கிழமை, பகலில் சில மணித்தியாலம் வெளியே வைத்துக் காற்றுக்குப் பழக்குங்கள். ஸ்பினாச் கீரை, முள்ளங்கி ஏப்ரலிலேயே நிலத்தில் விதைக்கலாம். பேஸ்மென்டில் இருக்கிறவர்கள் வீட்டுக்காரரிடம் ஒரு மூலை கேட்டுப் பாருங்கள், இரண்டு புடலங்காய் கொடுக்கிறேன் என்று சொல்லிக் கேளுங்கள். நகரசபைத் தோட்டத் துண்டுகளும் உண்டு, ஆனால் காத்திருப்போர் பட்டியல் நீளம்.

நவம்பர் வரும்போது

இடையில் விடுபடும். வேலை மாறும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், தொடர்ந்து பத்து நாள் மழை பெய்யும். மூன்று நாள் விட்டால் நாலாம் நாள் பாதித் தூரம் போங்கள். விட்டதைச் சேர்த்து நடக்கப் பார்க்க வேண்டாம், குதிக்கால் அதற்குச் சம்மதிக்காது. நவம்பரில் மணிக்கூடு பின்னுக்குப் போய் இருட்டு வந்ததும் நடை குறையும். அப்போதும் சாப்பாட்டுக்குப் பிறகான அந்தப் பத்து நிமிடத்தை மட்டும், மோலுக்குள் என்றாலும், மாடிப்படியில் என்றாலும், பிடித்துக்கொள்ளுங்கள்.

அம்மா போன செப்டெம்பரில் பதினான்கு கோபுரம் வரைக்கும் போனார். குளிர்காலத்தில் மோலுக்குள் நடந்தார், சில நாள் அதுவும் இல்லை. இந்த மார்ச்சில் மணிக்கூடு மாறிய ஞாயிறு பின்னேரம் சப்பாத்தை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து இருந்தார். வெளியே 3 பாகை, ஓரங்களில் அழுக்கு ஸ்னோ. இரண்டாவது கோபுரத்தடியில் நின்று, கையை இடுப்பில் வைத்து, கோரைப்புல் பக்கம் பார்த்தார். குருவி இன்னும் வந்திருக்கவில்லை. “நாளைக்கும் ரெண்டுதான்” என்றார்.